கரண்ட் இல்லாத நாளுக்கு ஊற்றிய பெட்ரோல்

பெட்ரோல் லைட்டரைப் பற்றவைக்காமல் சும்மா வைத்திருந்தாலும் அதிலுள்ள பெட்ரோல் குறைந்துகொண்டே போகும். கேஸ் லைட்டர் மாதக்கணக்கில் கிடந்தாலும் உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். பெட்ரோல் லைட்டரின் வயிற்றில் இருப்பது பஞ்சு. பஞ்சில் ஈரம் இருக்கும்வரை எரியும். மூடியை எவ்வளவு அழுத்தி மூடினாலும் இடுக்கு வழியாக ஆவி வெளியேறிவிடும். மார்கழியில் ஒரு வாரம் வரும். சித்திரை வெயிலில் அதில் பாதிகூட வராது. நான் ஐந்தாவதோடு நின்றவன். அண்ணனுடைய லைட்டருக்குக் கொஞ்ச காலம் பெட்ரோல் ஊற்றியதில் இதெல்லாம் தெரிந்துகொண்டேன்.

அண்ணன் லாரி டிரைவர். நான் முதலில் அவருக்குக் கிளீனர், பிறகு மாற்று டிரைவர். வடக்கே லோடு ஏற்றிப் போனபோது ஒரு தாபா வாசலில் அந்த லைட்டரை வாங்கினார். ஸ்டீல் உடம்பு, தட்டினால் திறக்கும் மூடி. ஓடுகிற லாரியில் கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தாலும் அதன் தீ அணையாது. லோடுக்குக் காத்துக் கிடக்கும் நாட்களில் அதைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். திரியின் கருகிய நுனியை நகவெட்டியால் நறுக்குவார். அடியிலிருக்கும் திருகை ஐந்து ரூபாய்க் காசால் திருப்பி, பொறி பறக்க வைக்கும் கல் தேய்ந்திருந்தால் தட்டி எடுத்துவிட்டுப் புதுக் கல் போடுவார். அரிசிக் குருணை அளவுதான் இருக்கும் அந்தக் கல். என்னைத் தொடவிட மாட்டார். ஒருமுறை அவசரத்தில் பெட்ரோலை அதிகம் ஊற்றி நிஜார்ப் பையில் போட்டுக்கொண்டதில், கசிந்து தொடையில் தோல் வெந்துபோனது. இரண்டு நாள் காலை அகட்டி வைத்து ஓட்டினார். கேட்டவர்களிடம் எல்லாம் கட்டி என்று சொன்னார்.

பிறகு அவருக்கு நெஞ்சு போயிற்று. பீடியும் டீசல் புகையும் சேர்ந்து நுரையீரலை அரித்துவிட்டதாக டாக்டர் சொன்னார். லாரியை விட்டோம். நான் புதுச்சத்திரத்தில் ரோட்டோரப் பஞ்சர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அண்ணி கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கப் போனார். வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்தது. மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டு அண்ணன் அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

மெஷினைக் கொண்டுவந்த பையன் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னான். இந்த அறையில் தீ கூடாது. விளக்கு, ஊதுபத்தி, தீப்பெட்டி எதுவும் கூடாது. மெஷினை நிறுத்திய பிறகும் துணியில் அந்தக் காற்று தங்கியிருக்கும், பொறி பட்டால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். அன்றைக்கே அண்ணி சாமி விளக்கை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் வைத்தார். அண்ணனுடைய சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்து என்னிடம் கொடுத்தார். அதை நான் கடைக்குக் கொண்டுபோய் டூல் பெட்டியில் போட்டேன். அண்ணி அந்தப் பக்கம் போன பிறகு அண்ணன், "அதக் காய உட்டறாதடா சாமி" என்று மட்டும் சொன்னார்.

வேண்டாத வேலைதான். ஆனாலும் வாரத்துக்கு ஒருமுறை, கடைக்கு வருகிற ஏதாவது பைக்கின் பெட்ரோல் குழாயைப் பிடுங்கி, பஞ்சு நனையும் அளவுக்குப் பிடித்து ஊற்றிவைத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவன் நான். கல்யாணம்கூட அப்படித்தான் இல்லாமல் போயிற்று.

எதற்கு என்பது பின்னால் தெரிந்தது. எங்கள் பக்கம் மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு வேலைக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்துவார்கள். முன்கூட்டியே போனில் தகவல் வரும். அன்றைக்கு மெஷின் ஓடாது. அதற்காகவே ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் வீட்டில் இருந்தது. கரண்ட் இல்லையென்றால் பஞ்சர் கடையில் காற்றடிக்கும் கம்ப்ரசரும் ஓடாது, அதனால் எனக்கும் லீவு. அண்ணி பண்ணைக்குப் போய்விடுவார். அண்ணன் இதையெல்லாம் படுத்த படுக்கையில் கணக்குப் போட்டு வைத்திருந்தார். முதல் தடவை அந்தத் தகவலை நான் எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டியபோது அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன்.

அந்த நாள் காலையில் மெஷின் நின்றதும் குழாயைக் கழற்றச் சொன்னார். சிலிண்டரைத் திறக்க வேண்டாம் என்றார். போட்டிருந்த சட்டை, துண்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கொடியில் காய்ந்த சட்டையை மாட்டிக்கொண்டார். பிளாஸ்டிக் நாற்காலியை வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டு, கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். மூச்சு நிதானத்துக்கு வரவே வெகுநேரம் ஆயிற்று. பிறகு கையை நீட்டினார். லைட்டரையும் ஒரு பீடியையும் கொடுத்தேன்.

முதல் தட்டிலேயே பற்றியது. இரண்டு இழுப்பு இழுத்தார். இருமினார். அப்புறம் வாயில் வைக்காமல் விரலிடுக்கிலேயே பிடித்துக்கொண்டு புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரண்டாபீஸ்காரனுக்கு ஒரு கும்புடு போடோணும்டா" என்றார். "மூச்சு இருக்கறப்ப தீ இல்ல, தீ இருக்கறப்ப மூச்சு இல்ல. நல்லாப் பிரிச்சுக் குடுத்திருக்கறான் சாமி."

சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் அந்த நாளுக்காக அவர் காத்திருந்தார். தகவல் வந்ததும் நாளை எண்ணிக்கொண்டு, முந்தின நாள் சாயங்காலம் ஊற்றிவைக்கச் சொல்வார். ரொம்ப முன்னால் ஊற்றினால் அன்றைக்குள் காய்ந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். திரியை ஒரு மயிரளவு மேலே இழுத்துவிடு, கல்லைப் பார், தேய்ந்திருந்தால் மாற்று என்று படுத்துக்கொண்டே சொல்வார். லைட்டரைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவருடைய பழைய குரல் கொஞ்சம் வரும். மற்ற நாட்களில் சாப்பாடு வேண்டுமா என்றால்கூடத் தலையைத்தான் அசைப்பார்.

மூன்றாவது மாதமோ நான்காவது மாதமோ, பீடி பாதி எரிவதற்குள் அவர் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. பீடியைப் பிடுங்கித் தொட்டித் தண்ணீரில் போட்டேன். உள்ளே ஓடிப்போய்ச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து குழாயை மாட்டினேன். அவசரத்தில் சிலிண்டர் சாவியை முதலில் தப்புப் பக்கம் திருப்பிவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் அவர் இல்லை என்றே நினைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அண்ணி துவைக்கச் சட்டையை எடுத்தவர், அதை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அப்படியே நின்றார். அண்ணனிடம் ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் கை கழுவிக்கொண்டிருந்த என்னிடம் வந்தார். நான் தலையை நிமிர்த்தவில்லை.

"தம்பி, அவரு கேட்டா நீங்க குடுப்பீங்கன்னு எனக்குத் தெரியுங்க. மாட்டேன்னு சொல்ல உங்களுக்கு வாய் வராது" என்றார். "ஆனா அவரு போயிட்டா இந்த ஊட்டுல யாரு மூஞ்சிய யாருங்க பாக்கறது?"

சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்டையைத் திரும்பவும் வாளியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அண்ணி கண்டுபிடித்துவிட்டதை மறுநாள் அண்ணனிடம் சொன்னேன். "அவளுக்காச்சும் மூக்கு நல்லா வேலை செய்யுது" என்றார். நான் இனிமேல் வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அவரும் நான் சொல்வதற்காகக் காத்திருந்த மாதிரிதான் இருந்தது. நான் சொல்லவில்லை.

அடுத்த தகவல் வந்தது. அன்றைக்கு அண்ணி வேலைக்குப் போகவில்லை. நான் முந்தின நாள் சாயங்காலம் ஊற்றியிருந்தேன். அண்ணன் இந்தத் தடவை ஊற்றச் சொல்லவில்லை. கொடுப்பேனா மாட்டேனா என்பது எனக்கே தெரியாது. பையில் அது கனத்தது.

மெஷின் நின்றது. வெளியே போகலாம் என்று அண்ணன் சைகை காட்டினார். அண்ணியே கொடியிலிருந்த சட்டையை எடுத்து மாட்டிவிட்டார். நான் ஒரு பக்கம், அண்ணி ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைத்தோம். அண்ணி தொட்டித் திண்டில் உட்கார்ந்தார். ரோட்டில் ஒரு முட்டை வண்டி போயிற்று. அண்ணன் அண்ணியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கையை மட்டும் மடியில் மல்லாத்தி வைத்திருந்தார்.

கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்துவிட்டு அண்ணி என்னிடம் சொன்னார்: "கொண்டாந்திருப்பீங்கல்ல. குடுங்க தம்பி."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணுதானுங்க" என்றார் அண்ணி. "நானும் பாக்கறேன், அதுல அப்படி என்ன இருக்குதுன்னு."

கொடுத்தேன். அண்ணன் மூடியைத் தட்டினார். சக்கரத்தைச் சுழற்ற இரண்டு கட்டைவிரலும் வேண்டியிருந்தது. ஆனால் தீ நன்றாக வந்தது. திரி சரியாக இருந்தது, பெட்ரோலும் புதிது, வெயிலிலும் மஞ்சளாகத் தெரிந்தது. பீடியை உதட்டில் வைத்துத் தீயை நுனிக்குக் கொண்டுபோனார். பீடி பற்ற வேண்டுமென்றால் உள்ளே இழுக்க வேண்டும். அவர் இழுத்தார். கன்னம் குழிந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. பீடியின் நுனி கருத்ததே தவிரக் கங்கு பிடிக்கவில்லை. மறுபடியும் இழுத்தார். தீ எரிந்துகொண்டேயிருந்தது. இலை ஓரத்தில் சுருங்கிக் கருகியது, அவ்வளவுதான்.

நான் வேண்டுமானால் பற்றவைத்துத் தரட்டுமா என்று கேட்டேன். எனக்குப் பீடி பழக்கமில்லை என்பது அவருக்குத் தெரியும். வேண்டாம் என்று தலையசைத்தார். மூடியை மூடினார். பீடியை உதட்டிலிருந்து எடுத்து நாற்காலிக் கையின்மேல் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்தது. அவர் குனியவில்லை. நாங்களும் எடுக்கவில்லை.

"கரண்டு எத்தன மணிக்கு வரும்னு போட்டிருக்கறான்?" என்று கேட்டார்.

இத்தனை மாதத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை. எப்போது போகும் என்றுதான் கேட்பார். நான் போனை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். நாலு மணி என்றேன். அண்ணி எழுந்து போய்ச் சிலிண்டரைக் கொண்டுவந்தார். குழாயை மாட்டிவிட்டு, அதுவரைக்கும் இது தாங்குமா என்று என்னிடம் கேட்டார். தாங்கும் என்றேன். அண்ணன் சிலிண்டர் தலையிலிருந்த மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.