பூமாலையில் கட்டிய சீல் கம்பி

என் தங்கை புருஷன் செல்வமணி சிதம்பரத்தில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். இந்த வருஷம் தேசிய டூரிங் கார் பந்தயத்தில் ஓட்டினார். ஐந்து சுற்றில் நான்கு முடிந்தபோது ஆறு புள்ளி முன்னிலை. கடைசிச் சுற்று, ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம், சென்னைக்கு வெளியே. மச்சான் பட்டம் வாங்குவதைப் பார்க்க வேண்டாமா? வெள்ளிக்கிழமை விடிகாலை 4.30க்கு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறினேன்.

தாம்பரம் வரை 160 ரூபாய். அங்கிருந்து பந்தயத் தடத்துக்கு ஆட்டோ 600 கேட்டார், 450க்கு வந்தார். அதற்கே எனக்குக் கோபம். உண்மையான கோபம் பத்து மணிக்குத்தான் வந்தது.

சுற்றுகளுக்கு நடுவில் யாரும் இன்ஜினைத் திறக்கக் கூடாது என்று ஒரு மெல்லிய கம்பியில் ஈயக் குண்டு கோத்து சீல் வைத்திருப்பார்கள். சோதனை அதிகாரி பானட்டைத் தூக்கினார். சந்தனம் இருந்தது, குங்குமம் இருந்தது, சீல் இல்லை.

"சாமி வந்து இன்ஜினைத் தொறந்துச்சா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அறுத்தது நான். பூஜையன்று மாலைக்கு நார் பத்தவில்லை. ஓடப்போகிற வண்டியின் மாலை கீழே விழுந்தால் எங்கள் பக்கம் யார் மனசும் ஆறாது. இன்ஜின் ஓரம் துருப்பிடித்துத் தொங்கிய கம்பியை வெட்டி மாலையைக் கட்டிவிட்டேன். இதை அதிகாரியிடம் அப்படியே சொன்னேன். "டிரைவரைக் காப்பாத்த ஆள் கூட்டிட்டு வர்றீங்களா?" என்று கேட்டார் அந்த மனுஷன். நாற்பத்தாறு வயதில் முகத்துக்கு நேரே பொய்யன் என்று பேச்சு வாங்கிக்கொண்டேன்.

நாளைக் காலை ஒன்பதுக்குள் கம்பியும் குண்டும் வந்தால் எச்சரிக்கையோடு விடுவார்களாம். இல்லாவிட்டால் நான்காம் சுற்றின் புள்ளிகள் ரத்து.

வண்டி சென்னைக்குக் கிளம்பும்போது மாலையைக் கழற்றி ஒர்க்‌ஷாப் ஆணியில் மாட்டியது மெக்கானிக் குமார். நடவுக்காக லீவில் இருந்தார், போன் ஆஃப். பதினொன்றுக்குப் புறப்பட்டேன். சிதம்பரம் 215 கிலோமீட்டர், 240 ரூபாய். புதுச்சேரி நெரிசலில் நாற்பது நிமிஷம் போனது. கடலூரில் என் வீட்டுத் தெருமுனையைத் தாண்டியும் இறங்கவில்லை. ஐந்தேகாலுக்கு ஒர்க்‌ஷாப் போனால் ஆணி காலி. மினிபஸ்ஸில் 15 ரூபாய் கொடுத்துக் குமராட்சி போனேன். குமார் வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாலையா? காஞ்சி போச்சிண்ணே. சாமிக்குப் போட்டத குப்பையிலயா போட முடியும்? நேத்து கொள்ளிடத்துல வுட்டுட்டேன்."

"கம்பியோடவா?"

"கம்பியோடதான்."

அவர் மேல் எப்படிக் கோபப்படுவது? நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

சனிக்கிழமை வெறும் கையோடு பந்தயத் தடத்துக்குத் திரும்பினேன். இன்ஜினைப் பிரித்து அளந்தார்கள். "எல்லாம் கரெக்டா இருக்கு" என்று அதே அதிகாரி சொன்னார். சொல்லிவிட்டு, புள்ளிகளையும் ரத்து செய்தார். தில்லுமுல்லு நடக்கவில்லை என்று தெரிந்த பிறகு தண்டனை எதற்கு? கேட்டேன். விதி என்றார்.

இன்ஜின் பிரித்துக் கிடந்ததில் தகுதிச் சுற்று போய்விட்டதால், ஞாயிற்றுக்கிழமை மச்சான் கடைசி வரிசையிலிருந்து கிளம்பி மூன்றாவதாக வந்தார். நான்கு புள்ளியில் பட்டம் போனது.

"வுடு மச்சான். வண்டி என்னுது, நான்தான் பாத்திருக்கணும்" என்றார். அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பந்தயம் பார்க்கப் போகிறவர்களுக்கு: எட்டு மணிக்குள் போய்விடுங்கள், நிழல் கிடைக்கும். தொப்பியும் தண்ணீரும் அவசியம், உள்ளே தண்ணீர் ஜாஸ்தி விலை. ஆட்டோவைத் திரும்பி வரவும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் வண்டி என்ற உரிமையில் எதிலும் கை வைக்காதீர்கள்.

கிளம்பும்போது அறிவிப்புப் பலகையில் தீர்ப்பை ஒட்டியிருந்தார்கள். இன்ஜின் சீலை அறுத்த குற்றம், பொறுப்பு: செல்வமணி. கடைசி வரி வரை படித்தேன். என் பெயர் எங்குமே இல்லை.