சிவப்புப் பென் டிரைவில் இருந்த பம்பை

அப்படி ஒரு பென் டிரைவ் இருக்கிறது என்று நான் முழுசாக இருபது நாள் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் அதைத் திருடவும் செய்தேன். நாற்பத்தெட்டு வயசு, காலையில் சர்க்கரை மாத்திரை, வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இப்படிப்பட்ட ஒரு மனிதன், இருபத்து நாலு வருஷமாகக் கூடவே மேடையேறுகிறவனின் பையில் கையை விட்டேன். ஏன் என்று கேட்டால் பொறாமை. இதைவிடக் கௌரவமான காரணம் ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

கள்ளக்குறிச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். ரிஷிவந்தியம் பக்கத்துத் திருவிழா, உளுந்தூர்பேட்டை பக்கத்துக் கல்யாண வரவேற்பு, மலைமேல் வெள்ளிமலையில் காதுகுத்து என்று எங்கே கூப்பிட்டாலும் போவோம். குழுவில் என்னை எல்லாரும் 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் பாட்டுக்கு எந்தச் சத்தம் என்று பாடகர் என்னிடம்தான் கேட்பார். வீட்டில் எனக்கு அந்தப் பதவி இல்லை என்பதால் மேடையில் அதை மிகவும் கவனமாகப் பாதுகாத்து வந்தேன்.

பேட் வாசிக்கிறவன் கச்சிராயபாளையத்துக்காரன். அம்மன் கோயில்களில் பம்பை அடித்துக்கொண்டிருந்தவன், பிறகு கரண்டில் ஓடும் ரிதம் பேடுக்கு வந்து சேர்ந்தான். என்னைவிட நாலு வயசு சின்னவன். ஒரு ஏக்கர் கரும்பு, இரண்டு குச்சி, எப்போதும் ஒரு சிரிப்பு. அவனுக்கு ஸ்வரம் தெரியாது என்பதுதான் என் மன நிம்மதிக்குக் கடைக்கால்.

நாங்கள் இருவரும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தோம். வீட்டிலேயே கம்ப்யூட்டரில் இசை செய்கிறவர்கள் சேர்ந்த குழு. போன ஆவணியில் அதன் அட்மின் ஒரு சவால் அறிவித்தார். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரே ஒரு சிந்தசைசர் மென்பொருள். பாட்டு, பேஸ், மேளம், தாளம் எல்லாமே அதற்குள்ளிருந்துதான் வர வேண்டும். வெளியே பதிவு செய்த சத்தம் எதையும் சேர்க்கக் கூடாது. ஒரு மாதம் அவகாசம். முடிந்ததும் கலந்துகொண்டவர்கள் ஒருவருக்கொருவர் ஐந்துக்கு மதிப்பெண் போட வேண்டும். விதிகள் பத்து இருந்தன. நான் மூன்று வரை படித்தேன்.

பேர் கொடுத்த முதல் ஆள் நான். இரண்டாவது ஆளாக அவன் கொடுத்தான். அதைப் பார்த்து நான் சிரித்ததை இப்போது எழுதக் கை கூசுகிறது. "மாப்ள, இதுல குச்சி கெடையாது, கட்டைதான்" என்று தனியாக ஒரு செய்திகூட அனுப்பினேன்.

பெண்ணுக்கு அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப்பில் இந்த இலவச சிந்தசைசரை இறக்கினேன். திறந்தால் திரை முழுக்கத் திருகுகள், நாற்பதுக்குக் குறையாது. கட்டையை அழுத்தினால் 'ஙொய்ங்' என்று ஒரே சத்தம், தகரத்தில் மாட்டிக்கொண்ட கொசு மாதிரி. அவ்வளவுதான் இருந்தது. நான் டோன் எண்ணைத் தேடினேன்.

இதை விளக்க வேண்டும். எங்கள் தொழிலில் டோன் என்றால் கீபோர்டுக்குள் இருக்கும் வாத்தியக் குரல். நல்ல தவில், நல்ல நாதஸ்வரம் வேண்டுமென்றால் சேலத்தில் அதைச் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். பென் டிரைவில் போட்டுக் கொடுப்பார்கள், செருகி ஏற்றிக்கொள்வோம். அதற்குப் பிறகு எண்ணைத் தட்டினால் போதும். நூற்றுப் பன்னிரண்டு என்றால் நாதஸ்வரம், எழுபத்து நாலு என்றால் புல்லாங்குழல். இருபத்து நாலு வருஷமாக நான் எண் தட்டுகிறேன். ஒரு சத்தத்தை யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டும் என்பது என் மண்டைக்கு எட்டாத விஷயம்.

பத்தாம் நாள் அவன் குழுவில் அரை நிமிஷத் துண்டு ஒன்றைப் போட்டான். பாதி வேலைதான் முடிந்திருக்கிறது என்று கீழே ஒரு வரி.

முதலில் பம்பை, தூரத்தில் அடிப்பது போல ஆரம்பித்துக் கிட்டே வந்தது. அதற்குக் கீழே ஒரு மோட்டார் உறுமிக் கிளம்பியது. கரும்புக் கொல்லையில் கரண்டு வந்ததும் கிளம்புமே, அதே மோட்டார். குழாயில் காற்று இரண்டு முறை இருமியது, பிறகு தொட்டியில் தண்ணீர் விழுந்தது. அந்தத் தண்ணீர் விழுகிற தாளத்திலேயே ஒரு மெட்டு தொடங்கியது. ஸ்வரம் தெரியாதவன் போட்ட மெட்டு.

குழுவில் கைதட்டும் பொம்மைகளாக வந்து குவிந்தன. யாரோ ஒருவர், "பிரதர், அந்தப் பம்பை எப்படி?" என்று கேட்டார். பதிலுக்கு அவன் ஒரு மஞ்சள் சிரிப்பு மூஞ்சியை மட்டும் போட்டான். அந்த மூஞ்சிதான் என்னைக் கெடுத்தது. எங்கிருந்தோ டோன் வாங்கியிருக்கிறான், இந்த சிந்தசைசருக்கென்றே ஒரு பென் டிரைவ் வந்திருக்கிறது, எனக்குச் சொல்லாமல் மறைக்கிறான் என்று முடிவு கட்டினேன். சேலத்தில் எனக்கு டோன் செய்து தருகிறவருக்குப் போன் போட்டுக் கேட்டேன். அப்படி எதுவும் இல்லையே என்றார் அவர். இவரும் கூட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாட்களில் நான் இசை எதுவும் செய்யவில்லை. அவனுடைய துண்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். சாப்பிடும்போதும் காதில் அது ஓடியது. அடுத்த வருஷம் மேடையில் பாடகர் அவன் பக்கம் திரும்பி 'மாஸ்டர்' என்று கூப்பிடுவது போலவும், நான் ஓரமாக மைக் ஒயர் சுற்றுவது போலவும் காட்சி காட்சியாக மனசில் வந்தது. என் மனைவி பார்த்துவிட்டு, "இன்னாங்க, பொண்ணு பாக்க வந்தவங்க வேணான்னுட்டு போன மாதிரி மொகத்த வெச்சிக்கினு இருக்கீங்க?" என்று கேட்டாள். பேட்காரனின் பாட்டை அவளுக்குப் போட்டுக் காட்டினேன், குறை சொல்லுவாள் என்ற நம்பிக்கையில். பாதியில் எழுந்து பின்பக்கம் போனாள். நம்ம வீட்டு மோட்டாரை யாராவது போட்டுவிட்டார்களா என்று பார்க்கப் போயிருக்கிறாள். அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம் வெள்ளிமலையில் ஒரு காதுகுத்து நிகழ்ச்சி. கச்சிராயபாளையத்தில் அவனை ஏற்றிக்கொண்டு, கோமுகி அணையைத் தாண்டி வேன் மலையேறியது. மூன்றாவது வளைவில் இன்ஜின் சூடாகிவிட்டது. எல்லாரும் இறங்கித் தண்ணீர் தேடப் போனார்கள். எனக்கு முட்டி வலி என்று சொல்லிவிட்டு உள்ளேயே உட்கார்ந்தேன். முட்டிக்கு ஒன்றுமில்லை. அவன் பை என் காலடியில் இருந்தது.

துண்டு, இரண்டு ஜோடி குச்சி, வயிற்றெரிச்சல் மாத்திரை, வேர்க்கடலைப் பொட்டலம். பக்கவாட்டு ஜிப்புக்குள் சிவப்பாக ஒரு பென் டிரைவ். என் நெஞ்சு அவனுடைய பம்பையைவிட நன்றாக அடித்தது. சட்டைப் பையில் போட்டேன். வெள்ளைச் சட்டை, உள்ளே இருப்பது சிவப்பாகத் தெரிந்தது, குங்குமப் பொட்டலம் மாதிரி. பேன்ட் பையில் ஓட்டை. கடைசியில் காலுறைக்குள் சொருகிக்கொண்டேன். உண்மையாகவே நொண்ட ஆரம்பித்தேன்.

திரும்பி வந்தவன் பார்த்தான். "முட்டி ஜாஸ்தி வலிக்குதா மாஸ்டர்? கீபோர்ட நான் எறக்கறேன், நீங்க வுடுங்க." சொன்னபடியே அவன்தான் இறக்கினான், ஸ்டாண்டையும் சேர்த்து. திருடனின் சாமானைத் திருட்டுக் கொடுத்தவன் சுமந்துபோனான்.

நிகழ்ச்சியில் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருந்தது. ஆசாரி ஊசியை எடுத்ததும் நான் நாதஸ்வரம் கொடுக்க வேண்டும். கணுக்காலில் பென் டிரைவ் உறுத்தியது, காதுக்குள் மோட்டார் ஓடியது. நூற்றுப் பன்னிரண்டைத் தட்ட வேண்டிய விரல் நூற்று இருபத்தாறைத் தட்டிவிட்டது. அது ஹெலிகாப்டர். பந்தலில் இருந்த அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். குழந்தையும் அழ மறந்து அண்ணாந்து பார்த்தது. அந்த நேரத்தில் ஆசாரி குத்தி முடித்துவிட்டார். தாய்மாமன் என்னிடம் வந்து, நல்ல யோசனை என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார். பேட்காரன் மட்டும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகப் பென் டிரைவை லேப்டாப்பில் செருகினேன். குடும்ப அட்டை, பட்டா, சிட்டா, சாதிச் சான்றிதழ், அவனுடைய பாஸ்போர்ட் அளவு போட்டோ. அதிலும் அந்தச் சிரிப்பு. வேறு எதுவும் இல்லை. டோனை மறைத்து வைத்திருப்பானோ என்று சிட்டாவைப் பெரிசாக்கிப் பார்த்தேன். நான் அன்றைக்கு இருந்த நிலைமை அது.

மறுநாள் காலை அவனே போன் செய்தான். இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்கிறானாம், பென் டிரைவைக் காணோமாம், வேனில் எங்காவது பார்த்தேனா என்று கேட்டான். கீபோர்டு உறைக்குள் விழுந்து கிடந்தது என்று சொன்னேன். பொய் அவ்வளவு வேகமாக வந்ததில் எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. டவுன் பஸ் பிடித்து அவன் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

உர மூட்டைமேல் லேப்டாப்பை வைத்து வேலை செய்துகொண்டிருந்தான். பென் டிரைவை வாங்கி மேலே வைத்துவிட்டு, நான் கேட்காமலே எல்லாவற்றையும் காட்டினான். முதலில் வாயால் 'தும்' என்று சொன்னான். சொல்லிவிட்டுக் கண்ணை மூடி, அந்தத் தும்மில் முதலில் என்ன வருகிறது, பிறகு என்ன வருகிறது என்று யோசித்தான். சத்தம் மேலிருந்து கீழே சட்டென்று விழ வேண்டும் என்று ஒரு திருகைத் திருப்பினான். குச்சி தோலில் படுகிற சொரசொரப்புக்குக் கொஞ்சம் இரைச்சலைச் சேர்த்தான். அழுத்தினால் பம்பை.

"வாயில வந்துச்சின்னா இதுலயும் வந்துடும் மாஸ்டர். மோட்டாருக்குத்தான் நாலு நாள் ஆச்சி. தெனம் கொல்லையில போயி குந்திக்கினு கேட்டுக்கினே இருந்தேன்."

பத்து நிமிஷத்தில் மொத்த வித்தையையும் என் முன்னால் கொட்டினான். அதில் ஒன்றுகூட என் தலையில் ஏறவில்லை. நான் லேப்டாப்பின் பக்கவாட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு ஏதாவது பென் டிரைவ் செருகியிருக்கிறதா என்று. மௌஸ் ஒயர்தான் செருகியிருந்தது. அசல் விஷயத்தை மறைத்துவிட்டு ஏதோ வேடிக்கை காட்டி அனுப்புகிறான் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் புழுங்கிக்கொண்டே வந்தேன்.

கடைசி இரண்டு நாளில் என் பாட்டைச் செய்தேன். எல்லாம் அந்த 'ஙொய்ங்'கில்தான். மெட்டு ஙொய்ங், பேஸ் ஙொய்ங், தாளமும் குட்டை குட்டையாக ஙொய்ங். விரல் வேலை மட்டும் பிரமாதம், அதில் சந்தேகம் வேண்டாம். வீட்டில் கல் உடைக்கிற மாதிரி இருக்கிறது என்று மனைவி கதவைச் சாத்தினாள். அனுப்பிவிட்டு, மதிப்பெண் போடும் படிவத்தைத் திறந்தேன். அவன் பேருக்கு நேராக ஐந்து கட்டம். ஐந்தின்மேல் விரலை வைத்தேன். மோட்டார் சத்தம் ஞாபகம் வந்தது. மஞ்சள் மூஞ்சி ஞாபகம் வந்தது. ஒன்றை அழுத்தினேன். யாருக்குத் தெரியப்போகிறது?

எல்லாருக்கும் தெரிந்தது. முடிவு வந்த காலையில் நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். யார் யாருக்கு எத்தனை போட்டார்கள் என்று முழு அட்டவணையும் குழுவில் வந்து விழுந்தது. அப்படி வெளியிடுவோம் என்று எட்டாவது விதியிலேயே இருந்ததாம். அவனுக்கு வரிசையாக ஐந்து, நாலு, ஐந்து, ஐந்து. நடுவில் முள் மாதிரி ஒரு ஒன்று, அதற்கு நேராக என் பேர்.

செல்போனை யாரோ களவாண்டார்கள் என்று சொல்லலாமா, பெண் தெரியாமல் அழுத்திவிட்டாள் என்று சொல்லலாமா என்று கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். இட்லி ஆறியது. மனைவி விவரத்தைக் கேட்டுவிட்டு, சட்னிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "வெரல் நழுவிடுச்சின்னு சொல்லுங்க. ஹெலிகாப்டர் அடிச்ச வெரல்தான, நம்பிடுவாரு."

அந்த வாரமே எலவனாசூர்கோட்டையில் நிகழ்ச்சி. மேடையில் நானும் அவனும்தான் முதலில் வந்து ஒயர் மாட்டிக்கொண்டிருந்தோம். அவன் பேடை ஸ்டாண்டில் வைத்து முறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "ஒண்ணா மாஸ்டர்?" என்றான்.

விரல் என்று ஆரம்பித்தேன். பிறகு, "பொறாம மாப்ள" என்றேன். பையில் கை விட்டதையும் சொன்னேன். அதுவரை அவனுக்கு அது தெரியாது.

முறுக்குவதை நிறுத்தினான். சிரிப்பைக் காணோம். "நான் ஒங்களுக்கு ரெண்டு போட்டேன், பாத்திருப்பீங்க" என்றான். "ரெண்டே ஜாஸ்தி. அவ்ளோ சொல்லிக் குடுத்தும் நீங்க ஒரு திருகக்கூடத் தொடல."

அன்று நிகழ்ச்சி முழுக்க அவன் என்னோடு பேசவில்லை. தாளம் மட்டும் சரியாக வந்தது.

கலந்துகொண்டவர்கள் முப்பத்து மூன்று பேர். அவன் ஆறாவது, நான் முப்பத்திரண்டாவது. எனக்குக் கீழே இருந்தவர் பாதிப் பாட்டைத்தான் அனுப்பியிருந்தார். இரண்டு வாரம் கழித்து அவன் பேச ஆரம்பித்தான். மெல்லிசைக் குழுவில் இன்னும் என்னைத்தான் மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள். புதுச் சத்தம் வேண்டுமென்றால் பாடகர் அவனிடம் கேட்கிறார். போன மாதம் நானும் கேட்டேன், நாதஸ்வரத்துக்கு. ஒன்பது நாளில் செய்து, அதே சிவப்புப் பென் டிரைவில் கொண்டுவந்து கொடுத்தான். இப்போது நூற்றுப் பன்னிரண்டைத் தட்டினால் வருவது அதுதான்.