குளியலறைக் கதவைத் தட்டிய மருமகள்

வீட்டில் ஐந்து பேர், குளியலறை ஒன்று. அதற்கு ராஜா மாமனார்தான். தையல்காரர், கடையில் வாயே திறக்காத மனிதர், தலையில் தண்ணீர் விழுந்தால் போதும், பாட ஆரம்பித்துவிடுவார். பாட்டு முடியாமல் கதவு திறக்காது. அந்தக் கதவைத் தட்டும் தைரியம் கல்யாணமான நாளிலிருந்து மாமியாருக்கே வந்ததில்லை.

புதிதாக வந்த மருமகள் வரிசையில் கடைசி. யாரும் அப்படிச் சொல்லவில்லை, அவளாகவே போய் நின்றுகொண்டாள். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள்.

அவளுக்கு ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்தது. காலையில் ஷட்டரைத் தூக்குவது அவள் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த வாரமே இரண்டு தடவை பஸ்ஸைத் தவறவிட்டாள். “நாளைக்கும் லேட்டானா வேற ஆளைப் பாத்துக்கறேம்மா” என்று முதலாளி சொல்லிவிட்டார்.

வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது அதைச் சொன்னாள். படித்த படிப்புக்குக் கிடைத்த முதல் வேலை கைநழுவிப் போகிறதே என்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்நெஞ்சக்காரர்கள் என்றுதான் நினைத்தாள்.

பாவம், அவர்கள் அப்படியில்லை. மருமகளுக்கு முன்னால் எழுந்து குளித்துவிட்டு வழிவிட வேண்டும் என்று நான்கு பேரும் தனித்தனியே முடிவு செய்திருந்தார்கள். ஒருவர் மற்றவரிடம் சொன்னால்தானே! வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் அந்தக் குடும்பத்துக்கு.

விடிந்ததும் அவள் வந்து பார்த்தால் குளியலறை வாசலில் ஒரே கூட்டம். மாமியார், நாத்தனார், கணவன் மூவர் தோளிலும் துண்டு.

“உனக்காகத்தான் சீக்கிரம் எந்திரிச்சேன்” என்றான் கணவன், அசடு வழிய.

“நீ முன்னால போம்மா” என்று மாமியார் ஒதுங்கிக்கொண்டாள். எங்கே போவது? உள்ளே மாமனார் இரண்டாவது பாட்டைத் தொடங்கியிருந்தார்.

அவளுக்கு அழுகை வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வந்தது கோபம். கதவைப் படபடவென்று தட்டினாள்.

“மாமா! பாட்டை நிறுத்திட்டு வெளிய வாங்க! என் பஸ் போயிடும்!”

பாட்டு நின்றது. நாத்தனாருக்கு மூச்சே நின்றது. கதவு திறந்து, காதோரம் சோப்பு நுரையோடு, துண்டைக் கட்டிக்கொண்டு மாமனார் வெளியே வந்தார்.

“உனக்காகத்தாம்மா முன்னாடியே வந்தேன். பாட்டுல மறந்தே போச்சு.”

“நாளைக்கும் தட்டுவேன் மாமா” என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே நுழைந்தாள்.

அன்று முதலாளி வருவதற்குள் ஷட்டர் மேலே போயிருந்தது. மறுநாளும் அவள் சொன்னபடியே தட்டினாள். அதற்கடுத்த நாள் அவள் வரும்போது கதவை யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள். மாமியார்.