மொட்டை மாடியில் காய்ந்த ஆபீஸ் குப்பை

அன்றைய கூட்டத்தில் மேனேஜர் இருந்தார். கணக்கு எழுதும் மேடம் இருந்தார். சரக்கு அனுப்பும் பிரிவைப் பார்ப்பவர் இருந்தார். அவருக்கு வீட்டில் தெலுங்கு, ஆபீசில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். கம்ப்யூட்டரில் ஆர்டர் அடிக்கும் பெண்கள் இரண்டு பேர். டிரைவர். காலையில் கூட்ட வரும் அம்மா. மதியத்துக்கு மேல் கூட்ட வரும் அம்மா. கடைசியாகக் கதவோரம் நான். நாற்காலி இல்லாமல் இல்லை. உட்கார்ந்தால் யாராவது டீ கேட்பார்கள். திரும்ப எழுந்திருக்க வேண்டும். அதற்கு நின்றே விடலாம்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனி எங்களுடையது. கீழே தறி, மேலே ஆபீஸ். நான் ஆபீசில் டீ வாங்குகிறவன், பைல் தூக்குகிறவன். அதற்கு முன்னால் ஒரு நூல் மில் குடோனில் இருபத்திரண்டு வருஷம் பஞ்சுப் பொதி எடை போட்டேன். முட்டி தேய்ந்ததும் இங்கே வந்தேன். படிப்பு எட்டாவது. அதுவும் முழுசாக இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறேன்.

வெளிநாட்டில் துணி வாங்குகிறவர்கள் ஒரு காகிதம் அனுப்பியிருந்தார்கள். மேனேஜர் அதைப் படித்துச் சொன்னார். தறிக் கழிவைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை, அதுதான் விலைக்குப் போய்விடுகிறதே. ஆபீஸ் குப்பையைத் தினமும் எடை போட்டுப் போர்டில் எழுத வேண்டுமாம். மூன்று மாதத்தில் பாதியாக்க வேண்டுமாம். ஆள் வந்து பார்ப்பாராம்.

"யாரு பொறுப்பு எடுத்துக்கிறிய?" என்றார்.

எல்லோரும் போனைப் பார்த்தார்கள். நான் கதவைப் பார்த்தேன்.

"அண்ணாச்சிதான் சார். எடை போட்டே கை காய்ச்சுப் போனவரு," என்றார் சரக்குப் பிரிவுக்காரர்.

முடிந்தது. மேனேஜர் காகிதத்தை மடித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்.

"குப்பை பாதியாச்சுன்னா கூட்டுறதுக்கு ரெண்டு ஆளு எதுக்கு? ஒராளு போதும். அப்பப் பாத்துக்கிருவோம்."

யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேரில் பிந்தி வந்தவர் மதியம் வரும் அம்மாதான். அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கும் அது காதில் விழுந்தது. மனதில் விழவில்லை. எடை மிஷினை எங்கே வைக்கலாம் என்று அதற்குள் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷ வேலை திரும்பக் கைக்கு வந்திருக்கிறது. பெரிய ஆபீசர் ஆன மாதிரி இருந்தது.

முதல் நாள் எட்டு கிலோ அறுநூறு. போர்டில் கொட்டை எழுத்தில் எழுதினேன்.

குறைக்க வேண்டுமே. முதலில் புத்தி சொல்லிப் பார்த்தேன். ஆர்டர் அடிக்கும் பெண்களிடம் போய், பேப்பரை இரண்டு பக்கமும் அடியுங்கள் என்றேன்.

"மிஷின் சிக்கிரும் அண்ணாச்சி."

சரக்குப் பிரிவுக்காரரிடம் போய், பரோட்டாவைப் பார்சல் வாங்காமல் கடையில் போய்ச் சாப்பிடக் கூடாதா என்றேன்.

"லோடு ஏத்துதவன் ஏத்தாம நிப்பான். நீரு வந்து ஏத்துதீரா?"

என்னால் ஏற்ற முடியாது. திரும்பி வந்தேன். எட்டு நானூறு. எட்டு எழுநூறு. எட்டு ஐந்நூறு. ஒரு வாரம் போர்டு அசையவில்லை.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. யோசனை எனக்கு அடிக்கடி வராது. வந்தபோது தடுக்க ஆளில்லை.

பஞ்சு வாங்கும் இடத்தில் ஈரம்தான் பெரிய சண்டை. மழையில் நனைந்து வரும் பொதியும் உண்டு, வேண்டுமென்றே தண்ணீர் தெளித்து வரும் பொதியும் உண்டு. நடுவில் கைவிட்டுப் பிடுங்கிப் பார்த்து, ஈரத்தைக் கழித்துத்தான் எடை எழுதுவோம். தண்ணீர் எடை அல்ல. இது எனக்கு ரத்தத்தில் ஊறியது. குப்பைக் கூடையைப் பார்த்தேன். டீத்தூள் சக்கை, நனைந்த கப், சாம்பார் ஒட்டிய இலை. அட, ஒரு வாரமாகத் தண்ணீரையல்லவா குப்பை என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆபீசுக்கு எவ்வளவு பெரிய அநியாயம் செய்துவிட்டேன் என்று வருத்தப்பட்டேன். உண்மையாகவே வருத்தப்பட்டேன்.

மறுநாள் குப்பையை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனேன். பழைய தார்ப்பாயை விரித்துப் பரப்பினேன். முட்டி வலியோடு மாடி ஏறி இறங்கி, கம்பால் மணிக்கு ஒரு தரம் கிண்டிவிட்டேன். காக்கையை விரட்டினேன். நாலு மணிக்கு அள்ளி எடை போட்டால் நாலு கிலோ தொள்ளாயிரம்.

மேனேஜர் போர்டு முன்னால் நின்றார்.

"என்னய்யா, மாயம் பண்ணுதியா?"

"ஒண்ணும் இல்ல சார். ஒரு கவனிப்புதான்."

முதுகில் தட்டிவிட்டுப் போனார். கவனிப்பு என்று சொன்னதை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சுடுகிறது.

வீட்டில் பெருமையாகச் சொன்னேன். என் மனைவி சோற்றுக் கரண்டியோடு திரும்பினாள்.

"ஊருல வத்தல் காயப்போடுவாக, வடகம் காயப்போடுவாக. நீங்க குப்பையக் காயப்போட்டுட்டு வாரியளா?"

"அது ஈரம் போக எடை. ஒனக்குத் தெரியாது."

"தெரியாதுதான். இங்க ஒரு முறத்த எடுத்து வெயில்ல வைக்க ஆளில்ல," என்று சோற்றைப் போட்டாள்.

ஒன்றரை மாதம் இப்படி ஓடியது. போர்டு நாலு முந்நூறு வரை இறங்கியது. மழை வந்த நாட்களில் போர்டில் லீவு என்று எழுதினேன். யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் மாடியில் கிண்டிக்கொண்டிருந்தபோது மதியம் வரும் அம்மா விளக்குமாறோடு மேலே வந்தார். சோழபுரம் பக்கத்திலிருந்து வருகிறவர்.

"அண்ணே, இன்னைக்குப் போர்டுல எம்புட்டு?"

"நாலு முந்நூறு வரும் தாயி."

"நான் அள்ளுறது அதே ரெண்டு வாளிதான். கொறையலையே."

"ஈரம் போயிருதுல்லா."

"ஈரம் போச்சு. பொறவு நானும் போயிருவேன்."

சாதாரணமாகத்தான் சொன்னார். நான் கம்பை நிறுத்தினேன்.

"முன்ன தறியில நின்னேன் அண்ணே. பத்து மணி நேரம். காலு ரெண்டும் பூசணி மாதிரி வீங்கிரும். இங்கதான் செத்த நேரம் ஒக்காந்து எந்திரிக்க விடுதாக. இத விட்டா மறுபடியும் தறிதான்."

என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் வந்த காக்கையை விரட்டிவிட்டுக் கீழே போனார்.

அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. ஊர் வரும்வரை, நான் எழுதியது சரியான எடைதான் என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டு வந்தேன். கண்டக்டர் இறங்கச் சொன்னபோதும் விளக்கம் முடியவில்லை.

மறுநாள் மேனேஜர் முன்னால் போய் நின்றேன்.

"சார், நான் குப்பையக் காயப்போட்டு எடை போடுதேன்."

அவருக்குப் புரியவில்லை. திரும்பச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒண்ணரை மாசமாவா?"

"ஆமா சார்."

"மழை பெஞ்சுச்சே?"

"அன்னைக்கு லீவு போட்டேன் சார்."

"யாருக்கு, குப்பைக்கா?"

மேனேஜர் பேனாவைத் திரும்ப எடுத்தார்.

"இன்னைக்கு ஈரத்தோட போடு. நாலு மணிக்கு எல்லாரையும் வரச்சொல்லு. என்ன இருக்குன்னு நானும் பாக்கேன்."

நாலுக்குக் கால் மணி இருக்கும்போது கூடையை எடுக்கப் போனேன். மதியம் வரும் அம்மா கூடைக்குள் பிளாஸ்டிக் மக்கால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, என்ன இது?"

"நீங்க வெயில்ல வச்சிய. நான் தண்ணி ஊத்துதேன்."

திட்ட வாயெடுத்தேன். எந்த வாயால் திட்டுவது? மக்கை மட்டும் வாங்கிக் கீழே வைத்தேன். இரண்டு பேரும் கூடையைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தோம். வடிந்தபாடில்லை. தரையில் தார்ப்பாயை விரித்துக் கவிழ்த்தோம்.

அப்போதுதான் குப்பையை நான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒன்றரை மாதம் கிண்டியிருக்கிறேன், பார்த்ததில்லை.

"கப்பெல்லாம் ரெண்டு ரெண்டா சொருகியிருக்கே அண்ணே," என்றார் அந்த அம்மா.

"ஒரு கப்பு சூடு தாங்காது. கை சுடும்."

"யாரு ரெண்டு ரெண்டா குடுக்கிறது?"

நான்தான். காலையில் டீ, பதினொன்றுக்கு டீ, மூன்றுக்கு டீ, வந்தவருக்கு டீ. எல்லாம் இரட்டைக் கப். எனக்கும் இரட்டைக் கப். சக்கையும் நான் கொட்டியதுதான். குப்பைக்குப் பொறுப்பு நான் என்று சொன்னது பொய்யில்லை.

அதற்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள். அவரவர் குப்பையை அவரவர் அடையாளம் கண்டார்கள். ஒரு வரி மட்டும் அச்சான பேப்பர்களைப் பார்த்து ஆர்டர் பெண்கள் முகத்தைத் திருப்பினார்கள். ஒரு பரோட்டா பார்சலில் ஓர் இலை, இரண்டு பேப்பர், மூன்று சால்னா கவர், எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு பை.

"இம்புட்டையும் ஒரே ஆளா தின்னது?" என்றார் கணக்கு மேடம்.

"தின்னது பரோட்டா மட்டுந்தான் மேடம்," என்றார் சரக்குப் பிரிவுக்காரர்.

எடை போட்டேன். எட்டு கிலோ தொள்ளாயிரம். ஆரம்பித்த நாளைவிட முந்நூறு கிராம் கூடுதல். ஊற்றிய தண்ணீர் கொஞ்சம் கப்புகளில் தங்கியிருக்கும். அதைக் கழிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படியே போர்டில் எழுதினேன்.

அதற்கப்புறம் நடந்ததில் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. எவர்சில்வர் தம்ளர் வந்தது. கழுவுவது நான். தினமும் முப்பது தம்ளர் கழுவினால் டீ கேட்பவர்கள் மேல் ஒரு கோபம் வரும், அதையும் சேர்த்துக் கழுவினேன். ஒரு பக்கம் அடித்த பேப்பரைக் கணக்கு மேடம் தைத்துக் குறிப்பு எழுத வைத்துக்கொண்டார். சரக்குப் பிரிவுக்காரர் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவந்து அதில் பரோட்டா வாங்கினார். சக்கையும் இலையும் பின்பக்கம் ஓட்டை டிரம்மில் மண்ணோடு போய், தென்னைமரத்துக்கு உரமானது. மூன்றாம் மாதக் கடைசியில் ஈரத்தோடு நாலு கிலோ இருநூறு.

பார்க்க வந்தவர் தம்ளரில் டீ குடித்தார். நான் தூக்குவாளியில் வாங்கி வந்த பால்கோவாவைச் சாப்பிட்டார். போர்டைப் போட்டோ எடுத்தார். போய்விட்டார்.

அவர் போன மறுநாள் மேனேஜர் கூட்டும் அம்மாக்கள் இருவரையும் கூப்பிட்டார். என்னையும் நிற்கச் சொன்னார்.

"குப்பை பாதியாயிருச்சு. நான் அன்னைக்கே சொன்னேன்," என்று ஆரம்பித்தார். மதியம் வரும் அம்மா நிமிர்ந்தார்.

"சார், குப்பை பாதியாச்சு. தரை பாதியாச்சா?"

மேனேஜர் தரையைப் பார்த்தார்.

"கக்கூசு பாதியாச்சா? படி பாதியாச்சா? நான் அதத்தான் சார் கூட்டுதேன். குப்பைய அண்ணன்தான் பாக்காரு."

காலையில் வரும் அம்மாவும் வாயைத் திறந்தார். "எனக்குக் கீழ வாசலும் தறிக்கூடமுமே முதுகு ஒடியுது சார். மேலயும் சேத்துப் பாக்க என்னால ஏலாது."

மேனேஜர் எண்ணுக்குக் கட்டுப்பட்டவர். பேச்சுக்குக் கட்டுப்பட மாட்டார்.

"சரி. இந்தம்மா எத்தன எடம் பாக்குதுன்னு எண்ணிச் சொல்லு," என்று என்னிடம் சொன்னார். "இருபதுக்குள்ளன்னா காலையில வார ஆளே சேத்துப் பாக்கட்டும். மேல இருந்தா இந்தம்மா இருக்கட்டும். பொறவு இதப் பத்திப் பேச வேண்டாம். ஏய்யா, இதையாவது காயப்போடாம எண்ணு."

ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டேன். அந்த அம்மா முன்னால் போனார், நான் பின்னால். அறைகள், நடை, கக்கூஸ்கள், கை கழுவும் தொட்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. மேஜைகள். ஜன்னல் திண்டுகள், அவற்றில் தூசி இருக்கும் என்றே எனக்கு அதுவரை தெரியாது, தினம் துடைத்ததால் இருந்ததில்லை. மாடிப்படிக்கு வந்ததும் நின்றேன்.

"படிய எல்லாம் சேத்து ஒண்ணுன்னு போடணுமா, தனித்தனியாவா?"

"குனியிறது ஒவ்வொண்ணுக்கும்தான் அண்ணே."

தனித்தனியாக எண்ணினேன். கீழேயிருந்து மொட்டை மாடி வரை. பிறகு மேலேயிருந்து கீழே வரை, சரிபார்க்க. முட்டி நான் சொன்னதைக் கேட்கவில்லை. இரண்டு தடவையும் நாற்பத்திரண்டு. கணக்கு மேடத்தின் மேஜையில் வைத்து எல்லாக் கோட்டையும் கூட்டினேன். அவரும் ஒருமுறை கூட்டிப் பார்த்துத் தலையாட்டினார். எட்டாவது படித்தவன் கூட்டல்தான், ஆனாலும் அதில் தப்பில்லை.

மேனேஜர் நோட்டைத் திறந்து வைத்திருந்தார். மதியம் வரும் அம்மா எனக்குப் பின்னால் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எம்புட்டு?" என்றார் மேனேஜர்.

எண்பத்து மூன்று.