கீழ் வீட்டு மனிசி

தொண்ணூறுகளின் நடுவில், சுவிஸில் ஆரா என்ற ஊரில் இருந்தபோது C வதிவிட அட்டைக்கு விண்ணப்பித்தோம். அதுவரை எங்களிடம் இருந்தது B. அதை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். அந்த மாதம் வந்தால் எனக்குச் சோறு இறங்காது. C கிடைத்தால் இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்கலாம், எவரும் எழும்பிப் போ என்று சொல்ல முடியாது என்ற நினைப்பிலேயே இருந்தோம்.

எங்கள் விண்ணப்பத்தைப் பார்த்த அலுவலர் பண்பான மனிதர். கணவர் வேலை செய்த முதியோர் இல்லச் சமையலறையிலிருந்து நல்ல கடிதம் வந்திருந்தது. அது மட்டும் போதாது, வேலைக்கு வெளியே உங்கள் குடும்பத்தை அறிந்த சுவிஸ்காரர் ஒருவரும் எழுதித் தரவேண்டும், நண்பரோ அயலவரோ யாராவது, என்றார். நாங்கள் இருவரும் "யா, யா" என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தோம். பஸ் தரிப்பிடத்தில் நின்றபோதுதான் அப்படி ஒருவரும் இல்லை என்பது உறைத்தது.

வந்து பத்து வருடமாகிவிட்டது. சனி ஞாயிறு என்றால் பிறந்தநாள், சாமத்தியவீடு, கல்யாணம் என்று சூரிச்சுக்கும் பாசலுக்கும் ஓடியிருக்கிறோம். எத்தனையோ தமிழ்க் குசினிகளில் மிளகாய்த்தூள் போத்தல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். துப்புரவு வேலைக்குப் போன வீடுகளைத் தவிர ஒரு சுவிஸ் வீட்டுக்குள்ளும் நான் கால் வைத்ததில்லை. பல் வைத்தியரைக் கேட்டுப் பார்ப்போமா என்றார் கணவர். எங்கள் பல்லைப் பற்றி நன்றாக எழுதுவார் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கடைசியில் மிஞ்சியது கீழ் வீட்டு மனிசி. தனியாக இருந்த வயதான பெண். அவளென்றால் எங்களுக்குப் பயம். மகளின் முதலாவது பிறந்தநாளுக்கு எங்கள் சின்ன வீட்டுக்குள் ஊரையே கூட்டியிருந்தோம். பாட்டுச் சத்தம், வீடியோக்காரரின் வெளிச்சம், ஓடித்திரிகிற பிள்ளைகள். மணி அடித்தது. திறந்தால் அவள். சத்தத்துக்கு முறையிட வந்துவிட்டாள், அடுத்தது பொலிஸ்தான் என்று நினைத்தோம். அவள் வாய் திறக்கமுன்னரே கணவர் ஒரே மூச்சில் மன்னிப்புக் கேட்டு, பாட்டை நிற்பாட்டி, கதவையும் சாத்திவிட்டார். அதன்பிறகு வீட்டில் பூனை மாதிரி நடந்தோம். மகள் சாப்பிட அடம்பிடித்தால், "கீழ் வீட்டு மனிசி வரப்போறா" என்பேன். தட்டு உடனே காலியாகும்.

"நீர் போய்க் கேளும். பொம்பிளையள் கதைச்சால் சுகம்," என்றார் கணவர்.

"எனக்கு வெக்கமாக் கிடக்கு."

"வெக்கத்தைப் பாத்தால் C கிடைக்காது."

ஒரு பின்னேரம் ரோல்ஸ் பொரித்து ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டு இறங்கினேன். என் ஜெர்மன் போதாது என்று, கிண்டர்கார்டனில் சுவிஸ் ஜெர்மன் பழகியிருந்த மகளையும் கூட்டிப்போனேன். படியில் அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று நின்றாள். இழுத்துக்கொண்டுதான் போனேன்.

மனிசி எங்களை உள்ளே கூப்பிட்டு இருத்தினாள். ஒரு ரோல்ஸை எடுத்து முழுவதையும் சாப்பிட்டாள். நான் உடைந்த ஜெர்மனில் விஷயத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல முகம் எரிந்தது. முதல் தரம் அவள் வீட்டுக்கு வருகிறேன், அதுவும் காரியம் கேட்டு. அந்த ரோல்ஸ் தட்டைப் பார்க்கவே கூசியது. அவள் கோபிக்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்த மகளைப் பார்த்து, ஏன் பயப்படுகிறாய் என்று கேட்டாள்.

"நான் இப்ப எல்லாம் சாப்பிடுகிறேன்," என்றாள் மகள், தெளிவான சுவிஸ் ஜெர்மனில்.

மனிசிக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டாள். சாப்பிடாவிட்டால் நீங்கள் மேலே வருவீர்கள் என்று அம்மா சொல்வா என்று மகள் விளங்கப்படுத்தினாள். எனக்கு எழும்பி ஓடவேண்டும் போல இருந்தது. மனிசி எனக்கும் விளங்கவேண்டும் என்று மெதுவாகச் சொன்னாள்:

"நான் ஒருமுறைதான் வந்தேன். உங்கள் கதவில் பலூன் கட்டியிருந்தது. குழந்தைக்கு ஒரு தொப்பி பின்னிக் கொண்டுவந்தேன். உங்கள் கணவர் எதற்காகவோ மிகவும் வருத்தப்பட்டார். எதற்கென்று எனக்குத் தெரியவில்லை."

அந்தத் தொப்பியைப் பிறகு தங்கையின் பேரப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாளாம். குத்திக்காட்டவில்லை, சும்மா தகவலாகத்தான் சொன்னாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். கடிதம் எழுதித் தருவதாகவும் சொன்னாள். "மிகவும் அமைதியான குடும்பம் என்று எழுதுகிறேன். வேறொன்றும் எனக்குத் தெரியாதே," என்றாள்.

அந்த ஒரு வரி போதுமாயிருந்தது. சில மாதங்களில் C வந்தது. சொந்தக்காரர் எல்லோரும் தொலைபேசியில் வாழ்த்தினார்கள். எனக்கு அதைவிட நினைவில் நிற்பது, கீழே போய்வந்த அன்றைய சாப்பாட்டு நேரம்தான். கணவருக்கு நடந்ததைச் சொன்னேன். "தொப்பியோ?" என்று மட்டும் கேட்டார். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

மகள் வாயை இறுக்கிக்கொண்டு சாப்பிட மறுத்தாள். பழக்கதோஷத்தில், "கீழ் வீட்டு மனிசி..." என்று தொடங்கிவிட்டேன்.

மகள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. "எப்பயம்மா வருவா?" என்று கேட்டாள்.

"அவ ஒருக்கா வந்தவ, பிள்ளை," என்றேன்.