சொன்னதும் நகர்ந்த அக்கா

பேய் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், "போட்டோ எங்கடா?" என்று கேட்கிற ஆள் நான். அவனியாபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன், கல்யாண போட்டோ எடுப்பதில் என்னை அடிக்க இந்தப் பக்கம் ஆள் கிடையாது, பெருமைக்காகவேதான் சொல்கிறேன். ஆனால் இப்போது சொல்லப்போவதற்கு என்னிடமும் போட்டோ இல்லை. சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்ளுங்கள்.

வாடிப்பட்டியைத் தாண்டி ஒரு ஊரில் பழைய மாதா கோயில், கூரை ஒழுகி வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. இடித்துவிடலாம் என்று பேச்சு. என் நண்பன் ஆரோக்கியத்தின் அப்பா அம்மாவுக்குக் கல்யாணம் நடந்த இடம் அது, அவனுக்கு மனசு கேட்கவில்லை.

"மாப்ள, ஊர்க் கூட்டத்துல காட்டணும். பாக்குறவன் இடிக்கச் சொல்லக் கூடாது, அம்புட்டு அழகா எடுத்துக் குடுடா."

"கேமரா யாரு கையில இருக்கு? கவலைய விடு."

பட்டப்பகல்தான். பூட்டைத் திறந்துவிட்ட ஆரோக்கியம், கூரை தலையில் விழுமோ என்று பயந்து வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டான். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் பீடத்தின்மேல் விழுந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்ததும் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை, வாசலருகே குத்தவைத்து கேமராவைக் கண்ணில் வைத்தேன். ஃபிரேமின் இடது ஓரத்தில், பெண்கள் பக்கம், பச்சைச் சேலை கட்டிய ஒரு அக்கா முக்காடு போட்டு முழந்தாளிட்டிருந்தார். ஊர்க்காரர் யாரோ என்று நினைத்தேன். கல்யாண வீட்டில் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போன வார்த்தை, யோசிக்காமலே வந்துவிட்டது.

"அக்கா, கொஞ்சம் தள்ளிக்கங்க, மறைக்குது."

நம்பினால் நம்புங்கள், நகர்ந்தார். முழங்காலிலேயே, தூணோரமாக. மண்டபத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒருத்தரும் அசைய மாட்டார்கள், இவர் ஒரே சொல்லுக்கு நகர்ந்தார். "தேங்க்ஸ்க்கா" என்று சொல்லிப் படத்தை எடுத்தேன். கேமராவிலிருந்து கண்ணை எடுத்தால் ஆளைக் காணோம். தூணோரம் போய்ப் பார்த்தேன். தரையெல்லாம் புறா எச்சமும் புழுதியும், ஒரு தடம்கூட இல்லை.

வெளியே ஓடிவந்து, "உள்ள யாருடா அந்தக்கா?" என்றேன்.

"எந்தக்கா? பூட்டத் தொறந்ததே நான்தானடா. வெயிலு மண்டையில ஏறிருச்சா?" என்றான் ஆரோக்கியம்.

படத்தில் அவர் இல்லை. பீடமும் வெயிலும்தான். ஆனால் கூட்டத்தில் அந்தப் படம் பேசியது. இடித்தே தீரவேண்டும் என்று நின்ற பெரியவர்களே கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ரிப்பேர் பார்ப்போம் என்றார்கள். இன்று கோயில் கம்பீரமாக நிற்கிறது, வாசலில் என் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். நான் எடுத்ததிலேயே அதுதான் ஒசத்தி, நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

திறந்தபிறகு முதல் கல்யாணம் ஆரோக்கியத்தின் தங்கைக்கு, போட்டோ நான்தான். எள் போட்டால் எள் விழாத கூட்டம். அந்தத் தூணோரம் மட்டும் ஒரு ஆள் இடம் காலியாகக் கிடந்தது. நான் பார்த்தது அந்த ஊரில் ஆரோக்கியத்தைத் தவிர யாருக்கும் தெரியாது, அவனும் அன்றைக்கே மறந்துபோயிருந்தான். பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த அவன் மனைவியிடம், "ஏம்மா, அங்க உக்காரலாமுல்ல?" என்று கேட்டேன்.

"உக்காரத்தாண்ணே போனேன். ஆளு இருக்குற மாதிரி இருந்துச்சு, தள்ளி வந்துட்டேன்."

ஊர் ஊராகக் கல்யாணத்துக்குப் போகிறேன், எல்லாரையும் தள்ளச் சொல்கிறேன். அந்தக் கோயிலில் மட்டும் வாயைத் திறப்பதில்லை.