கிளிநொச்சியில் பாண் இல்லை

யாழ்ப்பாணம் போகும் பஸ் கிளிநொச்சியில் நிற்கிறது. சந்தையடியில் வெடி கொளுத்துகிறார்கள். கழுத்து நிறைய மாலையோடு ஒருவன் நான் இறங்கித் தேநீர் குடிக்கும் கடைக்குள் வந்து கதிரையில் சாய்கிறான். போன வருடக் கலவரத்தில் எதிர்ப்பக்கத்து பேக்கரிச் சிங்களவரைக் கொன்றதாக இவன்மீது வழக்கு. குற்றவாளி இல்லை என்று ஜூரிமார் நேற்றுச் சொல்லிவிட்டார்கள். ஊருக்கே பாண் ரொட்டி சுட்டுக் கொடுத்த பேக்கரி இன்னும் பூட்டியே கிடக்கிறது.

"தெற்கில எங்கட சனத்தை வெட்டினவங்கள்தானே, ஐயா" என்கிறார் கடைக்காரர்.

அங்கே வெட்டியவர்களுக்காக இங்கே மா பிசைந்துகொண்டிருந்தவர் சாக வேண்டுமாம். நல்ல நியாயம். பட்டப்பகலில், சந்தை நடுவில் நடந்த கொலையைக் கண்டதாகச் சாட்சி சொல்ல ஒருவரும் போகவில்லை. இன்று மாலை போடுவதைக் காண மட்டும் சந்தை முழுவதும் முண்டியடிக்கிறது.

"நீங்களும் காணேல்லையோ?" என்று கேட்கிறேன்.

"நான் தேத்தண்ணி ஆத்திக்கொண்டு நிண்டனான்."

இப்போதும் அதே இடத்தில்தான் நின்று ஆற்றுகிறார். அவர் முகத்துக்கு நேரே பேக்கரிக் கதவு.

மாலைக்காரன் மேசையில் தட்டுகிறான். "அண்ணை, தேத்தண்ணியோட பாணும் தாங்கோ."

கடைக்காரரின் கை நிற்கிறது. அவனைப் பார்க்காமல் எதிரே உள்ள பூட்டைப் பார்க்கிறார்.

"பாண் இனி எங்கையிருந்து வரும், தம்பி?"